கயிறு வந்தது, கம்பியைத் திருப்பி அனுப்புகிறேன்

தம்பி,

நீ பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு உருளை நைலான் கயிறு, ஒரு சுருள் தடித்த இரும்புக் கம்பி, ஒரு கடிதம். கயிற்றை உன் அப்பா வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கம்பியை நான் வளைத்துப் பார்த்தேன். கடிதத்தை இரண்டு பேரும் படித்தோம். படித்ததும் அவர் துடுப்புக் கட்டையைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். அதனால் பதிலை நான் எழுதுகிறேன்.

உனக்கு நேராக எழுதாமல் பத்திரிகைக்கு அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. உனக்கு மாமனாராக வரப்போகிறவர் அலோர் காஜாவில் தன் மளிகைக் கடை வாசலில் உட்கார்ந்து தினமும் பத்திரிகையை உரக்கப் படிக்கிறவர். சுற்றி நிற்கிற தோட்டத்துச் சனங்கள் கேட்பார்கள். நல்ல காரியம்தான். நான் உனக்கு மட்டும் எழுதினால் நீ பாதியை மறைத்துவிட்டு மீதியில் சர்க்கரை போட்டு அவரிடம் சொல்வாய். உன்னை எனக்குத் தெரியும். இப்படி எழுதினால் அவரே தன் வாயால் முழுவதையும் படிப்பார். யார் பெயரையும் போடவில்லை. இதே மாதிரிக் கடிதம் வேறு அம்மாக்களுக்கும் வந்திருக்கும், அவர்களும் கேட்கட்டும்.

நீ எழுதியது இது. பெண் வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள், கல்யாணத்துக்குப் பிறகு அம்மா கடலுக்குப் போகக் கூடாது, இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். அதன் கீழேயே இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். இந்த நைலான் அறாது, இந்தக் கம்பியை எந்த மீனும் கடித்துத் துண்டாக்க முடியாது, இனிமேல் கயிறு பிடிக்கக் கைப்பழக்கம் தேவையில்லை, அப்பா ஒரு ஆளை வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள். அதாவது என் இடத்துக்கு ஒரு உருளைக் கயிற்றையும் ஒரு சுருள் கம்பியையும் அனுப்பியிருக்கிறாய். ஆகவே முதலில் கயிற்றையும் கம்பியையும் பற்றிப் பேசுவோம். என்னைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

பத்திரிகை படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கரையில் குந்திக்கொண்டு தூண்டில் போடுகிற வேலையில்லை எங்களுடையது. படகு ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் நீளக் கயிற்றில் தூண்டில் நீந்தி வரும், ஓடுகிற இரை என்று நம்பித் தெங்கிரி மீன், ஊரில் வஞ்சிரம் என்பார்களே அது, பாய்ந்து அடிக்கும். இப்படிப் பிடிப்பதை இங்கே துண்டா என்பார்கள். பணக்காரர்களுக்கு இஞ்சின் இருக்கிறது. எங்களுக்கு உன் அப்பாவின் கை இருக்கிறது. அவர் துடுப்புப் போடுவார், நான் பின்பக்கம் உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பேன். கயிற்றின் முனையில், தூண்டிலுக்கு முன்னால், கொஞ்ச நீளத்துக்குக் கம்பி இருக்கும். அதை மலாய்க்காரர்கள் பெராம்புட் என்பார்கள். தெங்கிரியின் பல் சவரக்கத்தி மாதிரி, வெறும் கயிறாக இருந்தால் ஒரே கடியில் போய்விடும். அதற்காகத்தான் கம்பி. நீ இப்போது மலாக்கா பட்டணத்தில் சீன முதலாளி தௌக்கேயின் கடையில் இந்தக் கயிற்றையும் கம்பியையும்தான் விற்கிறாய். உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். தெரியாததும் கொஞ்சம் வரும்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை தொடங்கி அவசரகாலம் வந்த வருஷம் நாங்கள் தோட்டத்தை விட்டு வந்தோம் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாய். திருத்திக்கொள். துரத்தினார்கள். ஸ்டிரைக்கில் நின்றோம், உன் அப்பா முன்னால் நின்றார், நான் அவர் பக்கத்தில் நின்றேன். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, எங்கள் பெயரைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் லயத்தில் எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். கதவில்லாத வீட்டில் எத்தனை நாள் இருப்பார்கள் என்று துரைக்குக் கணக்கு இருந்தது. உன்னைப் பட்டணத்தில் உன் அத்தை வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போக அனுப்பிவிட்டு, நாங்கள் சட்டி பானையோடு சுங்கை பாரு கடற்கரைக்கு நடந்தோம். அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மலாய்க்காரரின் பழைய படகு அங்கே சும்மா கிடந்தது. எங்களுக்குப் பின்னால் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, வேலிக்குள் இருக்கிறவர்களுக்கு மூட்டையில் சோறு கட்டிக்கொண்டு வெளியே போகக்கூட அனுமதி கிடையாது. நாங்கள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டோம். அதை அன்றைக்கு அதிர்ஷ்டம் என்று நினைக்கவில்லை, பசி அப்படி.

கடலில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இரப்பர்ப் பால்மரக்காட்டில் பிறந்தவர்கள். பருத்திக் கயிறு வாங்கினோம், அது சீக்கிரம் மக்கிப்போகும் என்று கேள்விப்பட்டோம். உடனே உன் அப்பாவுக்கு யோசனை வந்தது. "பால்ல முக்கிட்டா என்ன புள்ள? தண்ணியே இறங்காதுலா." எனக்கும் அது பெரிய புத்தியாகத் தெரிந்தது. கரையோரக் காட்டில் யாரும் வெட்டாத கிழட்டு மரங்கள் இருந்தன. என் பழைய உளியால் வெட்டி, மங்குக் கிண்ணத்தில் பால் பிடித்து, கயிறு முழுவதையும் முக்கி, விறகுப் புகையில் தொங்கவிட்டோம். இரப்பர் ஷீட் புகை போடுவது மாதிரியே. மஞ்சளாக, அழகாக வந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கடலில் விட்டால் கயிறு மிதக்கிறது. தூண்டில் தண்ணீர் மேலே குதித்துக் குதித்து வருகிறது. காற்றடித்தால் கயிறு பக்கவாட்டில் பறக்கிறது. வெயில் ஏறியதும் கையில் ஒட்டிக்கொண்டது, சுருணையில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டையாகிவிட்டது. கடைசியில் ஒரு மீன் அடித்தது. கயிறு ஜவ்வு மாதிரி நீண்டது, நீண்டது, தூண்டில் மீனின் வாயில் ஏறவே இல்லை. மீன் துப்பிவிட்டுப் போனது. கரையில் இருந்த மலாய்ப் பையன்கள் அந்த உருண்டையை எடுத்துக் கால்பந்து விளையாடினார்கள். நன்றாகத்தான் துள்ளியது.

பக்கத்து வீட்டு மாக் சோம் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சதுப்பு மரப் பட்டையைக் கொதிக்க வைத்து அந்தச் சிவப்புத் தண்ணீரில் கயிற்றை ஊறப்போட்டுக் காட்டினாள். பருத்திக்கு அதுதான் மருந்து. தோட்டக்காரன் எங்கே போனாலும் இரப்பரைத் தூக்கிக்கொண்டு போவான் என்று இன்றைக்கும் அவள் கேலி பண்ணுகிறாள். பண்ணட்டும். எதைப் பார்த்தாலும் துரை கற்றுக்கொடுத்த ஒரே வேலையை அதில் செய்து பார்க்கிற புத்தி எங்களுக்கு இருந்தது. அது போவதற்கு நாளாயிற்று. பட்டணத்துப் பேன்ட் போட்டிருந்தாலும் உனக்கும் அது முழுசாகப் போகவில்லை என்று உன் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. யாரோ ஒருவர் முன்னால் நின்று ஒரு சட்டம் சொன்னால், ஏன் என்று கேட்பதற்கு முன்னால் தலை ஆடுகிறது.

யார் கயிற்றைப் பிடிப்பது என்பதும் தானாகத்தான் முடிவானது. முதலில் நான் துடுப்புப் போட்டேன், அவர் பிடித்தார். அவருக்குப் பொறுமை கிடையாது. அலை தட்டினாலும் மீன் என்று இழுப்பார், பாசி சிக்கினாலும் இழுப்பார். ஒருநாள் கோபத்தில், "இந்தா, நீயே புடி, எனக்கு வேணாம் இந்தத் தலவலி" என்று என்னிடம் எறிந்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். பால் வெட்டுகிற கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. உளி பட்டைக்குள் எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, அதிலும் கருக்கலில் வெட்டும்போது. கைதான் சொல்லும். கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், மேற்பார்க்கிற பெரிய கிராணியிடம் திட்டு. அந்தக் கைக்குக் கயிறு சொல்வது புரிந்தது. தூண்டில் ஒழுங்காக நீந்துகிறதா, அதில் இரை மாதிரிக் கட்டிய இறகு சுருண்டுகொண்டதா, பாசி ஏறியதா, சின்ன மீன் கொத்திவிட்டுப் போனதா, எல்லாம் தெரிந்தது. துரைக்காகப் பழக்கிய கையை எனக்காக முதல்முதலாக அங்கேதான் பயன்படுத்தினேன்.

கம்பிக்கு வருகிறேன். முதலில் மங்கு கட்டுகிற கம்பியைப் போட்டோம். மரத்தில் பால் மங்கைத் தாங்குகிற அதே கம்பி. அது மெத்தென்று இருக்கும். ஒரு மீன் முறுக்கினால் மடிப்பு விழும், அடுத்த மீன் அந்த மடிப்பில் முறித்துக்கொண்டு போகும். உடனே அப்பா அதை இரட்டையாக முறுக்கினார். கயிற்றையும் கனமாகப் போட்டார். எல்லா இடமும் பலம், எதுவும் அறாது என்று சந்தோஷப்பட்டார். நானும் பட்டேன். இப்போது நீ எழுதியிருக்கிறாயே, அதே வார்த்தைதான். நீர் வற்றுகிற வேகத்தில் மீன்வேலிக் கம்பம் ஒன்றில் தூண்டில் மாட்டிக்கொண்டது. படகு போகிறது, கம்பம் நகரவில்லை, கம்பி முறியவில்லை, கயிறு அறவில்லை. பிடி நழுவாமல் இருக்கட்டும் என்று நான் கயிற்றை ஆட்காட்டி விரலில் சுற்றியிருந்தேன். அறாத இடங்கள் எல்லாம் அறாமல் இருந்ததால் என் விரல்தான் போனது. மருத்துவமனையில் தைத்தார்கள். விரல் இருக்கிறது, மடங்காது.

அன்றிலிருந்து எங்கள் கயிற்றில் வேண்டுமென்றே ஒரு பலவீனமான இடம் இருக்கிறது. கயிறும் கம்பியும் சேருகிற வளையத்தில் மெல்லிய நூல் முடிச்சு ஒன்று. மீனின் இழுப்புக்குத் தாங்கும், கம்பத்தில் மாட்டினால் அறும். தூண்டிலும் கம்பியும் போகும், கயிறும் கையும் மிஞ்சும். உன் கடைக்கு வருகிறவர்கள் எது அறாது என்றுதான் கேட்பார்கள், எனக்குத் தெரியும். நீ அவர்களிடம் எது முதலில் அறவேண்டும் என்று கேள். கயிற்றை விரலில் சுற்றாதே என்றும் சொல். சொல்லிவிட்டு விற்பனை செய்.

மங்கு கம்பியை விட்டபிறகு சைக்கிள் பிரேக் கம்பிக்கு வந்தோம். சிம்பாங் அம்பாட்டில் சைக்கிள் பழுதுபார்க்கிறவர் பழைய பிரேக் கம்பிகளைத் தூக்கிப்போடாமல் எனக்காக வைத்திருப்பார். அதைப் பிரித்தால் மெல்லிய இழைகள் கிடைக்கும். நீர் கலங்கியிருந்தால் நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்குவேன். தெளிவாக இருந்தால் இரண்டு மூன்று போதும். மெல்லிசாக இருந்தால் மீனுக்குத் தெரியாது, தூண்டிலும் நன்றாக நீந்தும். ஒருமுறை அந்தக் கம்பிக் கட்டோடு பஸ்ஸில் வரும்போது ரோட்டில் தடுத்து எல்லாரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். என் பையைத் திறந்த தமிழ் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் பையன் ஒரு அடி பின்னால் போனான். வெடி வைக்கிறவர்களுக்குக் கம்பி கொண்டு போகிறேன் என்று நினைத்துவிட்டான்.

"அக்கா, என்னா இது இவ்ளோ கம்பி?"

"மீன் புடிக்க."

"மீன கம்பியால அடிப்பீங்களா?"

"நீ வந்து கடிச்சுப் பாரு, அப்ப தெரியும் எதுக்குன்னு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தத் தோட்டம் நீங்க?"

"தோட்டம் இல்ல. சுங்கை பாரு."

"தோட்டம் இல்லாத தமிழ் பொம்பளையா? கார்ட எடுங்க."

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. கம்பியைவிட அதுதான் அவனுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. அவனும் ஒரு லயத்தில் பிறந்த பிள்ளைதான். வேலிக்குள் கணக்கில் இல்லாத தமிழச்சி என்றால் ஏதோ தப்பு செய்தவள் என்று அவனுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பஸ் போய்விட்டது. வெயிலில் நிற்க வைத்தார்கள். மலாய்க்காரக் கார்ப்பரல் வந்து பார்த்தார். நான் ஒன்றும் கெஞ்சவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு இழையை எடுத்து முறுக்கி, தூண்டில் கோர்த்து, தலைப்பில் வளையம் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "தெங்கிரி?" என்றார். ஆமாம் என்றேன். "உன் வளையம் பெரிசு, பாசி பிடிக்கும். சின்னதாப் போடு" என்று மலாயில் சொல்லிவிட்டு என்னை விட்டார். கம்பியில் பாதியை வைத்துக்கொண்டார்கள், எதற்கென்று சொல்லவில்லை. வளையத்தை அன்றிலிருந்து சின்னதாகத்தான் போடுகிறேன். அவர் சொன்னது சரி.

இனி உன் நைலானுக்கு வருகிறேன். இத்தனை நாள் கடலில் போட்டுப் பார்த்துவிட்டு நேர்மையாகச் சொல்கிறேன், கயிறு நல்ல கயிறு. போன வருஷம் நீ சொன்னபோது வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேன், அது என் முட்டாள்தனம். இது மக்காது, பட்டைத் தண்ணீர் கேட்காது, நனைந்தால் கனக்காது. மெல்லிசாக இருப்பதால் தண்ணீரில் இழுபடுவது குறைவு. உன் அப்பாவின் முழங்காலுக்கு அது எவ்வளவு நல்லது என்று நீயே யோசித்துப் பார். மீன் அடித்ததும் கொஞ்சமாக நீண்டு கொடுக்கிறது. எங்கள் பால் கயிறு மாதிரிக் கடைசிவரை நீளவில்லை, நீளவேண்டிய அளவுக்கு நீண்டு நின்றுவிடுகிறது. ஆனால் வழக்கமான முடிச்சு இதில் வழுக்கி அவிழ்ந்துவிடுகிறது. இன்னும் கூடுதலாகச் சுற்றி, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்கவேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் சூடேறி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். பருத்தியைக் காயவைக்கிற பழக்கத்தில் இதையும் வெயிலில் கொடியில் போட்டேன், மேல்சுற்று வெளுத்து நொறுங்கலாகிவிட்டது. அதை வெட்டி எறிந்தேன். இதை நிழலில் வைக்கவேண்டும் என்று உன் தௌக்கே யாரிடமாவது சொல்கிறாரா? கையையும் அறுக்கிறது. உள்ளங்கைக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிக்கொண்டேன். மாக் சோம் பார்த்துவிட்டு, மறுபடியும் இரப்பரா என்றாள்.

கம்பி வேண்டாம். அது சுறாவுக்குச் சரி, தெங்கிரிக்குத் தடிமன். தூண்டிலின் மூக்கை அழுத்திக் கீழே இழுக்கிறது, செத்த மீனைக் கட்டி இழுப்பது மாதிரி வருகிறது. தெளிந்த தண்ணீரில் அதைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தோம், ஒன்றும் தொடவில்லை. அதைக் கழற்றிவிட்டு என் பிரேக் இழையைப் போட்டதும் அடித்தது. இந்தக் கம்பியோடு பழக்கமில்லாத ஒருவனை உட்காரவைத்தால் ஒன்றும் அறாது என்பது உண்மைதான். ஒன்றும் வரவும் வராது.

சரி, கயிறு பேசியாயிற்று. இனி என்னைப் பற்றி.

பெண் பார்க்க நாம் போன அன்றைக்கு உன் மாமனார் என்னிடம் பேசியது உனக்குத் தெரியும், நீ அங்கேதான் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. கடைக்கு நாலு பேரு வராங்க. உங்க சம்பந்தியம்மா கடல்ல வல்லம் விடுறாங்களாமேன்னு கேட்டா நான் என்னாலா சொல்றது?"

"வல்லம் விடுறது அவர். நான் கயிறு புடிக்கிறேன்னு சொல்லுங்கண்ணே."

"விளையாடாதீங்க. பொம்பளைங்க செய்ற வேலையா அது?"

உன் அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கடையில் அரிசி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பால் வெட்டுகிற பெண்கள். விடியுமுன் எழுந்து, பாம்பும் அட்டையும் இருக்கிற காட்டில், வயிற்றில் பிள்ளையோடு வாளி தூக்குகிறவர்கள். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நானும் தூக்கினேன். அப்போது யாரும் இது பொம்பளை செய்கிற வேலையா என்று கேட்டு வரவில்லை. வேலி வாசலில் அரிசி கடத்துகிறார்களா என்று அவர்கள் சேலைத் தலைப்பை உதறச் சொன்னார்கள், அப்போது யாருடைய கடைக்கும் மானம் போகவில்லை. துரைக்கு வாளி தூக்கினால் குடும்பப் பெண். தன் படகில் உட்கார்ந்து தன் கயிற்றைப் பிடித்தால் நாலு பேர் கேட்பார்கள். அந்த நாலு பேரும் இப்போது இதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். அக்கா தங்கச்சிகளே, நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் தம்பி, என் கோபம் அவர் மேல் அதிகமில்லை. அவர் மகளைக் கொடுக்கிறவர், மனதில் பட்டதைக் கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்லவேண்டியவன் நீ. நீ தலையாட்டினாய். வீட்டுக்கு வரும் வழியிலும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்துப் பொட்டலத்தில் வைத்துப் பேசினாய். உன் கடிதத்தில் என் விரலைக் காட்டி, இதைப் பார்த்தாவது நிறுத்துங்கள் என்கிறாய். விரல் போனபோது நிறுத்தவில்லை, வழியை மாற்றினோம். நீ பள்ளிக்கூடத்தை முடித்தது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? காபி கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் என்னுடைய இந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள். "வலிக்குதா அத்தை?" என்றாள். மழை பெய்தால் வலிக்கும் என்றேன். "கடல்ல இருக்கும்போது?" என்றாள். அப்போது ஞாபகமே வராது என்றேன். சிரித்தாள். உன் மாமனார் தொண்டையைக் கனைத்ததும் எழுந்து போய்விட்டாள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. அவளை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வருவேன், பட்டுச் சேலை கட்டுவேன், மடங்காத விரலோடு எல்லாருக்கும் சந்தனம் கொடுப்பேன். மறுநாள் கடலுக்குப் போவேன்.

காரணம் நிறைய சொல்லலாம். அப்பாவுக்கு வேறு ஆளோடு ஒத்துவராது, வெளியாளுக்குப் பங்கு கொடுத்தால் மிஞ்சாது, எல்லாம் உண்மை. ஆனால் அவற்றையெல்லாம் நீ ஒவ்வொன்றாகத் தீர்த்துவைத்து, இன்னொரு பொட்டலம் அனுப்புவாய். அதனால் தீர்க்க முடியாததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. என் வாழ்க்கையில் யாரும் என்னை நிறுத்தி வைத்துப் பெயர் கூப்பிடாத வேலை அது ஒன்றுதான். நான் படகை விட்டு இறங்கமாட்டேன். இதுதான் பதில். மாமனார் இந்த வரியைக் கொஞ்சம் உரக்கவே படிக்கட்டும்.

நைலானை வைத்துக்கொள்கிறேன். கம்பியை அதே கண்டக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைவிட மெல்லியது, பல இழை முறுக்கியது, துருப்பிடிக்காதது கடையில் இருந்தால் எடு. கூடவே கயிறு முறுக்கிக்கொள்ளாமல் சுழலுகிற வளையமும் எடு, மலாய்க்காரர்கள் கிலி-கிலி என்பார்களே, அதில் சின்னது. பஸ்ஸில் கொடுத்தனுப்பாதே. ரோட்டில் இன்னமும் சோதனை இருக்கிறது, உன் கடை ரசீதோடு நீயே கொண்டு வா.

ஞாயிற்றுக்கிழமை வா. ஊரடங்கு இருப்பதால் விடிவதற்குமுன் படகை அவிழ்க்க இன்னும் அனுமதியில்லை, வெளிச்சம் வந்ததும் போவோம். அப்பாவின் முழங்கால் வீங்கியிருக்கிறது, அவர் கரையில் இருக்கட்டும். நீ துடுப்புப் போடு. துடுப்புப் போடுகிறவன் படகு போகிற திசையைப் பார்த்து உட்காருவதில்லை, பின்பக்கம் கயிறு பிடிக்கிறவளைப் பார்த்துத்தான் உட்காரவேண்டும். உன் அப்பா இத்தனை வருஷமும் என் முகத்தைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். நீயும் வேறெங்கும் பார்க்க முடியாது. கடிதத்தில் எழுதியதை அப்போது என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் சொல். நான் கேட்கிறேன். சொல்ல முடியவில்லையென்றால், திரும்பிப் போகும் வழியில் அலோர் காஜாவில் இறங்கி, மாமனாரிடம் சொல்லவேண்டியதைச் சொல். மீன் அடித்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிடு. துடுப்பை நிறுத்தாதே, கயிறு தளர்ந்துவிடும்.

உன் அம்மா